லலிதா டீச்சரின் காலித் தட்டு

புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்கள் முன்னால் நின்று கால் மணி நேரம் பேசச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். படித்தது ஐந்தாவது வரைதான். பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் உங்களைப் போல உணவு அளவு எழுதித் தருகிற டயட்டீஷியன் இல்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, காலித் தட்டைத் திரும்ப எடுத்து வந்தவன். முட்டி தேய்ந்துபோய் வண்டி தள்ள முடியாமல் ஐம்பத்து மூன்று வயதில் நின்றுவிட்டேன். நீங்கள் கல்லூரியில் படித்து முடித்து, ஆறு மாதப் பயிற்சிக்கு வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருவீர்களே, அந்த மாதிரி வந்தவர்களை நாற்பது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே தலைவலிதான்.

முதல் தலைவலி, நீங்கள் யாரும் சமையலறைக்குள் வர மாட்டீர்கள். மேலே மேசையில் உட்கார்ந்து "சாதம் ஒரு கப், பருப்பு அரை கப்" என்று அழகாக எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த மீன்காரர் ஒருவர், வீட்டுக்குப் போகிற அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணாத்த, ஒரு கப்புன்னு போட்டுகீது. எந்தக் கப்பு? எங்க வூட்ல டீ குடிக்கிற கப்பும் கீது, கொயம்பு அள்ற கப்பும் கீது."

பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண் சொன்னாள்: "இருநூறு எம்.எல். கப்புங்க."

"அது எந்தக் கடைல விக்குது?"

அவளுக்குத் தெரியவில்லை. ஐந்து வருடம் படித்த படிப்பு அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நான் சாம்பார்க் கரண்டியை எடுத்துக் காட்டி, "இதுல ரெண்டு" என்றேன். அவர் போய்விட்டார். அவளும் போய்விட்டாள். மறுநாளும் அவள் "ஒரு கப்" என்றுதான் எழுதினாள். எத்தனை பேரிடம் சொல்வது?

இப்படி உங்களைத் திட்டிக்கொண்டே நாலு பக்கம் எழுதலாம். ஆனால் உங்களைத் திட்டுவதற்கு எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது லலிதா டீச்சர் விஷயம்.

வருகிற பயிற்சிக்காரர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுப்பேன். "வாயைக் கேக்காதீங்க, தட்டப் பாருங்க." நம் ஊரில் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்வார்கள். மூன்று நாள் பட்டினியாகக் கிடந்தவரும் ஆச்சு என்பார், நீங்க ஆச்சா என்றும் கேட்பார். அதை நம்பி நீங்கள் படிவத்தில் எழுதுவீர்கள். நோயாளி எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒரு படிவம் உண்டு. முழுவதும், முக்கால், பாதி, கால், இல்லை என்று ஐந்து கட்டம். கீழே எழுதியவரின் கையெழுத்து. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் டாக்டர் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் ஊசியின் அளவைக் கூட்டுவார், குறைப்பார். அதனால் வாயைக் கேட்காதே, திரும்பி வருகிற தட்டைப் பார் என்பது என் கட்சி. இதை நானே கண்டுபிடித்த பெருமை எனக்கு நிறைய இருந்தது. வார்டில் எனக்குத் தட்டு அண்ணன் என்றே பெயர்.

நிவேதா என்கிற பெண் ஊரப்பாக்கத்திலிருந்து வருவாள். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். மற்றவர்களைப் போல இல்லை, நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவள். தினமும் மதியம் என் வண்டி வார்டை விட்டு வெளியே வரும்போது லிஃப்ட் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்து எழுதிக்கொள்வாள். நான் படுக்கை எண் சொல்வேன். எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

அவளுக்கு அது ஆறாவது மாதம். பயிற்சிப் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தாள். நாளுக்கு ஒரு பக்கம், அன்று படிவத்தில் எழுதியதெல்லாம் அதிலும் ஏறும். கடைசியில் தலைமை டயட்டீஷியன் மேடம் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவள் அடுத்து தேர்வு எழுத முடியும். படூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலையும் சொல்லி வைத்திருந்தார்கள். கையெழுத்து இல்லை என்றால் ஆறு மாதத்தையும் வேறு எங்காவது முதலிலிருந்து செய்ய வேண்டும்.

லலிதா டீச்சர் திருக்கழுக்குன்றத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். அறுவை சிகிச்சை செய்து பதினாலாம் படுக்கையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். கூடவே கணவர் இருந்தார். அவர் ஒரு கோயில் மடைப்பள்ளியில் நாற்பது வருடம் பிரசாதம் செய்தவர். தட்டை வைத்ததும் முதலில் அவர்தான் முகர்ந்து பார்ப்பார். "பெருங்காயம் போறலையே" என்பார். தினமும்.

ஒரு நாள் மதியம் தட்டுகளை எடுத்து வந்தேன். டீச்சர் தட்டு துடைத்து வைத்தது போல இருந்தது. ஓரத்தில் முருங்கைக்காய்ச் சக்கை. நார் நாராக, நன்றாக மென்று துப்பியது. டீச்சருக்குக் கடைவாய்ப் பல் கிடையாது. பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். பத்து நாளாக முருங்கைக்காய் போட்ட அன்றெல்லாம் அது முழுசாகத் திரும்பி வந்தது. இது எனக்குத் தெரியும். பார்த்ததும் மனதில் ஏதோ தட்டியது. ஆனால் அன்று லிஃப்ட் ஒன்று வேலை செய்யவில்லை, பின்னால் ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் "வண்டிய எடுண்ணா, வழிய மறிச்சிகினு நிக்கிறியே" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"பதினாலாம் பெட்" என்றேன்.

"காலி" என்றாள் நிவேதா. முழுவதும் என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவ்வளவுதான். நான் போய்விட்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் டீச்சருக்கு வழக்கமான ஊசி போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கண் செருகி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் போயிற்று. பணியில் இருந்த இளம் டாக்டர் ஓடி வந்தார்.

"சாப்ட்டாங்களா?"

சிஸ்டர் படிவத்தைப் பார்த்தார். "ஃபுல்லா சாப்ட்டிருக்காங்க டாக்டர்."

முழுசாகச் சாப்பிட்டவருக்கு ஊசியால் சர்க்கரை இறங்கியிருக்காது, இது மூளையோ இதயமோ என்று அவர் முடிவு செய்தார். ஸ்டிரெச்சர் வரச் சொன்னார், ஸ்கேனுக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் போயிற்று. வயதான சிஸ்டர் ஒருவர், யாரும் சொல்லாமலே, விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பிறகு குளுக்கோஸ் ஏற்றினார்கள், டீச்சர் கண்ணைத் திறந்தார்.

கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் அவரிடம் கேட்டார்: "மத்தியானம் நல்லாத்தான சாப்ட்டாங்க?"

"அவ எங்க சாப்ட்டா? இன்னிக்கு சஷ்டியாச்சே. காலம்பற இட்லி, மத்தியானம் சாதம், ரெண்டையும் நான்தான் சாப்ட்டேன்."

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா திட்டுவேள்னு அவ சொல்லக் கூடாதுன்னுட்டா. தட்டோட திருப்பி அனுப்பினாலும் கண்டுபிடிச்சுடுவேளாமே, தட்டப் பாக்கறதுக்குன்னே ஒரு பொண்ணு நிக்கறதாமே. அதான் சாப்ட்டேன். அன்னத்தக் கொண்டுபோய்க் குப்பைல கொட்டச் சொல்றேளா?"

தட்டைப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது, நோயாளிகளுக்கும் தெரிந்துவிட்டது. வாய் பொய் சொல்லும் என்று தட்டை நம்பினேன். தட்டையும் பொய் சொல்ல வைக்கலாம் என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் தலைமை மேடத்தின் அறையில் நிவேதாவிடம் விசாரணை. மேடம் பெயரை நான் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேனாவை மேசையில் படுக்க வைத்துவிட்டுக் காத்திருப்பார். டீச்சருக்கு வைத்தியம் பார்க்கும் பெரிய டாக்டரும் இருந்தார். தட்டு எடுத்த நேரத்தைச் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"எத்தன மணிக்கு எடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஒன்னே கால் சார்."

"காலியா இருந்துச்சா?"

"காலிதான் சார்."

இரண்டும் உண்மை. முருங்கைக்காய் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். மூன்று முகமும் என் பக்கம் திரும்பியது, வாய் மூடிக்கொண்டது.

டாக்டர் நிவேதா பக்கம் திரும்பினார். "நீ பேஷண்டப் போய்ப் பாத்தியா?"

"இல்ல சார். தட்டப் பாத்து எழுதினேன்."

"தட்டப் பாத்து எழுதறதுக்கு எதுக்கும்மா இவ்ளோ படிச்ச? அதுக்குத்தான் ஒரு ஆள் இருக்காரே" என்று என்னைக் காட்டினார். பிறகு மேடத்திடம், "இந்தப் பொண்ணு டிரெயினிங்க முடிச்சிட்டான்னு நீங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இன்னொரு ஆஸ்பத்திரில இதையேதான் பண்ணுவா" என்றார்.

மேடம் நிவேதாவைப் பார்த்தார். "தட்ட மட்டும் பாத்தா போதும்னு யார் சொன்னாங்க?"

பேனா மேசையில் படுத்திருந்தது.

"நானாத்தான் மேடம்" என்றாள் நிவேதா.

கையெழுத்து பற்றி மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று மேடம் அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அவள் மேல்தான் எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. உள்ளே வராத குரல் வெளியே நன்றாகவே வந்தது.

"இன்னாம்மா நீ? நான்தான் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதான? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"ஃபார்ம்ல உங்க பேரு எங்கண்ணா இருக்கு? என் பேருதான இருக்கு."

பெருந்தன்மையாக எல்லாம் சொல்லவில்லை. சலித்துப்போய்ச் சொன்னாள். அந்தச் சலிப்பில்தான் நான் மற்றதையும் உளறினேன்.

"முருங்கக்காய நான் பாத்தேம்மா. அத டீச்சர் மென்னிருக்க முடியாது. அப்பவே தெரிஞ்சிது."

அவள் நின்றாள். "எப்போ?"

"தட்டு எடுத்துகினு வரப்பவே."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"வண்டி நிக்கிதுன்னு அவன் கத்திகினு இருந்தான்..."

கேட்காமல் நடந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. லிஃப்ட் பக்கமும் வரவில்லை. தட்டு வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு படுக்கையாகப் போய் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். என் வண்டி போகிற வழியில் நாற்காலி இடிக்கும். நான் முணுமுணுப்பேன். அவள் நாற்காலியை ஒரு சாண் நகர்த்துவாள்.

மூன்றாம் நாள் டீச்சரிடம் மன்னிப்பு கேட்கப் போனாள். நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அவளை வகுப்பில் நிற்க வைத்தது போல நிற்க வைத்தார். "தெனமும் வந்து சாப்ட்டேளான்னு கேக்கற, இல்லேன்னா தட்டப் பாக்கற. நாளைக்கு சாப்பிடுவேளான்னு ஒரு நாளாவது கேட்டியா? கேட்டிருந்தா, நாளைக்கு சஷ்டி, சாப்பிட மாட்டேன்னு சொல்லியிருப்பேனே."

"ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடாம இருந்தா உயிருக்கே ஆபத்து டீச்சர்."

"எனக்கென்னடி தெரியும்? ஆத்துல சஷ்டின்னா மாத்திரையும் கெடையாது, சாப்பாடும் கெடையாது. முப்பத்தஞ்சு வருஷம் ஒண்ணும் ஆகல. இங்க அவா பாட்டுக்கு வந்தா, குத்தினா, போயிட்டா."

நிவேதா நோட்டைத் திறந்தாள். பிறகு, "அடுத்த சஷ்டி எப்போ?" என்று கேட்டாள்.

"தேய்பிறையும் உண்டு எனக்கு. இன்னும் பன்னெண்டு நாள்."

"அன்னிக்கு என்னல்லாம் சாப்பிடலாம்?"

"பால். பழம். சாயங்காலம் வெளக்கு ஏத்தினப்பறம் இட்லி."

அவள் எழுதிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பயிற்சிக்காரர் நோயாளியிடம் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லாமல், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். என் வாயில் பாராட்டு வரவில்லை. "தட்டு ஆறுது" என்றேன்.

விரதமே கூடாது என்று பெரிய டாக்டர் முதலில் கத்தினார். அவள் தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றாள். கடைசியில் அவர் சலித்துப்போய், அன்றைக்கு மருந்தைக் குறைத்து எழுதினார். "அவங்க வாய்க்குள்ள போனத நீ கண்ணால பாத்துட்டு வந்து சிஸ்டர்கிட்ட சொன்னப்பறம்தான் ஊசி. புரியுதா?"

அந்தச் சஷ்டி அன்று காலையில் பாலும் பப்பாளித் துண்டுகளும் எடுத்துக்கொண்டு நான் போனேன். சமையலறையில் அதற்கே ஒரு சண்டை. "ஒரு பெட்டுக்கு மட்டும் தனியா இன்னாத்துக்கு? இது ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா?" என்று சமையல்காரர் குதித்தார். நானே வெட்டி எடுத்துக்கொண்டேன். கணவருக்கு கேன்டீனிலிருந்து தனியாக இட்லி வரவழைத்திருந்தாள் நிவேதா. அவர் தன் இட்லியை விட்டுவிட்டு மனைவியின் பப்பாளியை எட்டிப் பார்த்தார்.

"நன்னா பழுத்திருக்கே" என்றார்.

"அது அவங்களுக்கு சார்" என்றேன் நான். இருபத்திரண்டு வருடத்தில் நோயாளி வீட்டுக்காரர் ஒருவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். சிஸ்டர் ஊசியோடு நின்றார். நிவேதா நாற்காலியில் உட்கார்ந்து கடைசித் துண்டு உள்ளே போகும்வரை பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலம்வரை நாலு தடவை விரலைக் குத்தினார்கள். ஒரு தடவையும் சர்க்கரை இறங்கவில்லை.

மாதக் கடைசி வந்தது. மறுநாளுக்கான உணவுப் பட்டியலை வாங்க நான் மேடத்தின் அறைக்குப் போனபோது நிவேதா அங்கே நின்றாள். மேசையில் அவள் பதிவேடு. மேடம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்து, முதல் சஷ்டி அன்றைய பக்கத்தில் நிறுத்தினார். பதினாலாம் படுக்கை, மதியம், முழுவதும்.

"இத அப்படியே வெச்சிருக்க" என்றார்.

இந்தப் பக்கத்தைப் பற்றி அவள் கூடப் படித்தவர்கள் எவ்வளவோ சொல்லியிருந்தார்கள். வெள்ளை மை தடவிவிடு, தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டு, பாதி என்று மாற்று. எனக்கே அதுதான் சரி என்று தோன்றியது. அப்போதுதான் மேடத்துக்கும் கையெழுத்துப் போட வசதி.

"இதுக்கு நான் என்னன்னு கையெழுத்து போடறது?" என்று கேட்டுவிட்டு மேடம் பேனாவைப் படுக்க வைத்தார்.

நிவேதா அந்தப் பேனாவை எடுத்தாள். முழுவதும் என்ற சொல்லின் மேல், படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே, "நோயாளியை நான் போய்ப் பார்க்கவில்லை" என்று எழுதித் தேதி போட்டாள். பேனாவைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. ஆறு மாதம் ரயிலிலும் பஸ்ஸிலும் இடிபட்டு வந்த பெண், ஒரு முருங்கைக்காய்ச் சக்கையால் வீட்டுக்குப் போகப் போகிறாள். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் அறையில். இரண்டு பேர் முன்னால்கூடவா பேச வராது?

"மேடம், தட்டப் பாருன்னு சொன்னது நான்தான்" என்றேன். "அந்தத் தட்ட எடுத்தப்ப அதுல மென்ன முருங்கக்கா இருந்திச்சி. டீச்சருக்குப் பல்லு கெடயாது. எனக்கு அப்பவே தெரியும். இந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லல, அன்னிக்கி நீங்க கேட்டப்பவும் சொல்லல."

வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. நிவேதா தரையைப் பார்த்தாள். மேடம் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பதிவேட்டை என் பக்கம் திருப்பினார், பேனாவையும் நீட்டினார்.

"எழுதுங்க."

"நான் எழுதறதா மேடம்? இது அவங்க நோட்டு."

"அவ பாக்கலன்னு எழுதிட்டா. நீங்க பாத்தீங்கல்ல? அதையும் எழுதுங்க. அப்புறம் நான் போடறேன்."

நான் குனிந்து, நிவேதா எழுதியதற்குக் கீழே எழுதினேன். "பார்த்தேன். சொல்லவில்லை." என் பெயரைப் போட்டேன். மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு வரிகளையும் ஒரு தடவை படித்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.